வளையம் இல்லாத இடத்தில் ஒரு கட்டு

என்னோட சனிக்கிழமையைத் திருடிட்டுப் போனவன் சார் அவன். அவனைத் தேடியா கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்தீங்க?

உள்ளே வாங்க, சாரல்ல நிக்காதீங்க. பையை இப்படிக் கொடுங்க. அட, பயப்படாதீங்க, முழுங்கிட மாட்டேன். தூண்டில் கோல்தானே? பையோட நீளத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. கீழே டீக்கடையில விசாரிச்சிருப்பீங்க, கோலுக்கு வளையம் மாத்துறவர் எங்கேன்னு. அந்த டீக்கடைக்காரன் சர்ச் மேட்டைக் கை காட்டியிருப்பான். என் கடையைத் தாண்டித்தான் சார் சர்ச் மேட்டுக்கே போகணும். பத்தொன்பது வருஷமா அவன் கடை டீயைக் குடிச்சே என் வயிறு கெட்டுப்போச்சு. 'வழியில மாசிலாமணியும் செய்வார்'னு ஒரு வார்த்தை சொன்னா அவன் நாக்கு தேஞ்சா போயிடும்?

நான்தான் மாசிலாமணி. பழைய சாமான் கடைன்னு போர்டு போட்டிருக்கு, ஆனா உள்ளே இருக்கறது பூரா பங்களாச் சாமான். எந்த எஸ்டேட்ல ஏலம்னாலும் முதல் ஆளா நிப்பேன். பதினோரு வயசுல சத்தியமங்கலத்துல இருந்து, காரட் ஏத்த வந்த காலி லாரியில தொத்திக்கிட்டு ஊட்டிக்கு வந்தவன். மூணாங்கிளாஸ். யாரும் எனக்கு எதையும் உட்கார வெச்சுச் சொல்லித் தரலை. அடி வாங்கினேன், கத்துக்கிட்டேன். இன்னிக்கு இந்தக் கடை என் சொந்தக் கடை. ஏலத்துல நான் கையைத் தூக்கினா பாதிப் பேர் கையை இறக்கிடுவான்.

அவன் பேரை மட்டும் கேக்காதீங்க. என் வாயால சொல்றதில்லைன்னு வெச்சிருக்கேன். குன்னூர்ல ஒரு கிளப்புல டென்னிஸ் பேட்டுக்கு நரம்பு கட்டிக்கிட்டு இருந்தவன். அங்கே ஆளைக் குறைச்சதும் இங்கே வந்து ஒரு கட்டில் அகலத்துக்குக் கடை போட்டான். பேட்டுக்கு நரம்பு கட்டினவன் தூண்டில் கோலுக்கு நூல் கட்டக் கூடாதான்னு கேப்பீங்க. கட்டட்டும். யார் வேண்டாம்னா? ஊட்டியில எத்தனையோ பேர்கிட்ட கோல் இருக்கு. போஜன் மாஸ்டர் கோல்தான் கிடைச்சுதா அவனுக்கு?

உட்காருங்க. டீ சொல்லியிருக்கேன். உங்க கோலை ஒரு பார்வை பார்த்துடறேன்.

ம். இந்த வளையத்துக்குள்ள விரலை விட்டு நகத்தால தடவிப் பாருங்க. பள்ளம் தட்டுதா? தூண்டில் லைன் ஓடி ஓடி இரும்பை அறுத்த பள்ளம். இனிமே அந்தப் பள்ளம் லைனை அறுக்கும். புழுவைக் கோத்துப் போட்டுட்டு பீடி பிடிக்கிற தூண்டிலா இருந்தா இது ஒண்ணும் பெரிசில்லை. இது இறகுல செஞ்ச பொய் ஈயை நுனியில கட்டி, சாட்டை மாதிரி முன்னும் பின்னும் வீசுற கோல். நாள் பூரா லைன் இந்த வளையத்துக்குள்ள எல்லாம் வழுக்கிக்கிட்டே இருக்கணும். ஒரு வளையம் பிசகினாலும் ஈ போய் விழற இடம் பிசகும். டிரவுட் மீன் உங்களை மாதிரி என்னை மாதிரி ஏமாறாது. எல்லா வளையத்தையும் மாத்தணும் சார். ஒண்ணு ரெண்டை மட்டும் மாத்தினா பத்தாது.

மாஸ்டர் கோலும் இப்படித்தான் இருந்துச்சு.

மாஸ்டர்னா, ரிட்டயர் ஆன சயின்ஸ் வாத்தியார். பாலாடா பக்கம் ஒரு ஹட்டி, படுகர் ஊரு, அங்கே வீடு. பென்ஷன், கொஞ்சம் காரட் தோட்டம், அவலாஞ்சியில மீன் பிடிக்க லைசென்ஸ், இது போதும் அவருக்கு. சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு மார்க்கெட்டுக்கு வருவார். வேலையை முடிச்சுட்டு நேரா இங்கேதான். எட்டு வருஷம் சார். எட்டு வருஷத்துல அவர் என்கிட்ட வாங்கினது மொத்தமே ஒரு சாமான். ஆனா கடையில இருக்கற அத்தனைக்கும் விலை கேப்பார்.

"மணி, இந்தக் கிராமபோன் என்ன விலை?"

"மூவாயிரம் மாஸ்டர்."

"ஓடாத கிராமபோனுக்கு மூவாயிரமா? முந்நூறு தர்றேன்."

"முந்நூறுக்கு அதோட ஊசியைக் கூடத் தர மாட்டேன்."

"ஊசியே இல்லையேப்பா அதுல."

அவர் ஏத்துவார், நான் இறக்குவேன், சாப்பாட்டு நேரம் வரைக்கும் ஓடும். ரெண்டு பேருக்கும் தெரியும் அவர் வாங்கப் போறதில்லைன்னு. ஆனா விளையாட்டுக்குன்னு ஒரு ரூபா விட்டுக் கொடுத்ததில்லை நான். அவரும் சும்மா ஏத்தினதில்லை. பேரம் பேசத் தெரிஞ்ச மனுஷன் இந்த மலையில அவர் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் கெஞ்சுவாங்க, இல்லைன்னா திட்டிட்டுப் போவாங்க.

அந்த ஒரு சாமான்தான் மாஸ்டரோட கோல். ஒரு பங்களா ஏலத்துல, உடைஞ்ச மேஜையும் குடைத் தாங்கியும் சேர்ந்த குவியல்ல கிடைச்சுது. ஆறு மூங்கில் பட்டையைச் சீவி ஒட்டின கோல். அறுகோணமா இருக்கும், தொட்டா தேன் நிறம். மாஸ்டர் அதைக் கையில எடுத்ததும் பேச்சு நின்னுபோச்சு. எனக்குப் புரிஞ்சுது, இதை மட்டும் இந்த ஆளு வாங்குவார்னு. பதினோரு சனிக்கிழமை பேசினோம் சார் அந்த ஒரு கோலுக்கு. பதினோராவது சனிக்கிழமை நான் அம்பது ரூபா இறங்கினேன், அவர் அம்பது ஏறினார். கையைக் கொடுத்துட்டு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல எதிர்க் கடைக்காரன் எழுந்து வந்துட்டான்.

அதனால சொல்றேன், அது என் கோல். அவர் கையில இருந்தாலும் என் கோல்தான்.

போன வருஷம் மீன் சீசன் திறக்க மூணு வாரம் இருக்கும்போது கொண்டுவந்தார். "மணி, வளையமெல்லாம் லைனைக் கடிக்குது, மாத்திடு"ன்னார். மாத்தறேன்னேன். இந்த வேலையையும் எனக்கு யாரும் சொல்லித் தரலை. ஏலத்துல வந்த உடைஞ்ச கோலைப் பிரிச்சுப் பார்த்து, கட்டிப் பார்த்து, அவிழ்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டது. பழைய டெலிபோன் டைரக்டரி அதோ இருக்கு பாருங்க, அது எதுக்குன்னு நினைக்கறீங்க? பட்டு நூலை அதுக்கு நடுவுல விட்டு, மேலே ரெண்டு கிலோ எடைக்கல்லை வெச்சுட்டா, நூல் ஒரே இழுப்புல விறைப்பா வரும். கோலைத்தான் உருட்டணும், நூலை இழுக்கக் கூடாது. வளையத்துக்கு ரெண்டு பக்கமும் கால் மாதிரி தட்டையா கம்பி இருக்கும். அதை அரத்தால ராவி, நுனியைத் தாள் மாதிரி ஆக்கினாத்தான் நூல் படி ஏறாம வழுக்கி ஏறும். சுத்துக்குச் சுத்து முட்டிக்கிட்டு உட்காரணும். அப்புறம் வார்னிஷ் மூணு கை.

பழைய கட்டைப் பிரிக்கிறதுதான் இதுல கண்டம். பிளேடை எப்பவும் இரும்புக் கால் மேலதான் ஓட்டணும். அடியில இரும்பு இருக்கற வரைக்கும் பிளேடு எவ்வளவு ஆழம் போனாலும் பாதகமில்லை. மூங்கில் மேல மட்டும் போகக் கூடாது. மேல்தோல்லதான் மூங்கிலோட உயிர். இது எனக்குத் தெரியாதா? எனக்குத்தான் தெரியும்.

ரெண்டு வளையம் பிரிச்சு முடிச்சு மூணாவதுல பிளேடு வெச்சிருக்கேன், அப்பத்தான் ஒரு அம்மா வந்தாங்க. காந்தல்ல இருந்து. பித்தளை அண்டாவைத் தட்டிப் பார்த்துட்டு, "இது என்ன விலைங்க?"

சொன்னேன்.

"ஓட்டை அண்டாவுக்கா?"

"எங்கேம்மா ஓட்டை? காட்டுங்க பார்க்கலாம்."

"இப்ப இல்லை. நாளைக்கு விழும். உங்க மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

எப்படி இருக்கும் எனக்கு? அண்டாவைச் சொல்லட்டும். மூஞ்சியைச் சொல்லலாமா? "அண்டா வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா"ன்னு நானும் கேட்டேன். அந்த அம்மா விட்டாங்களா? கால் மணி நேரம். வாசல்ல கூட்டம் கூடிடுச்சு. கடைசியில நான் சொன்ன விலைக்கே அண்டாவைத் தலையில வெச்சு அனுப்பினேன். அது வேற விஷயம்.

கையில பிளேடு இருந்துச்சு. கத்தினப்போ கை கொஞ்சம் அசைஞ்சிருக்கும். மனுஷன் கைதானே. கீழே பார்த்தேன், வளையத்துக்கு ஒரு அங்குலம் தள்ளி குறுக்கே ஒரு கோடு. மயிரிழை. நகத்தால தடவினா தட்டுது, தடவலைன்னா தெரியலை. மேலே வார்னிஷ் ஓடினா மூடிக்கும்னு விட்டுட்டேன். அந்த அம்மா மட்டும் அன்னிக்கு வராம இருந்திருந்தா, நான் இன்னிக்கு உங்ககிட்ட இப்படிப் பேசிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை. எல்லாம் அவங்களால வந்தது.

வேலையில குறை சொல்ல முடியாது சார். ஒன்பது வளையம், அடியில பெரிசு ஒண்ணு, நுனியில ஒண்ணு. ஜன்னல் வெளிச்சத்துல கோலைத் தூக்கிப் பிடிச்சு ஒரு கண்ணை மூடிப் பார்த்தா, பதினொண்ணும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா நிக்கும். அரக்குச் சிவப்புப் பட்டு நூல். மாஸ்டர் வாங்கிப் பார்த்துட்டு, "நகைக் கடையில செஞ்ச மாதிரி இருக்கு மணி"ன்னார். கூலி சொன்னேன். பாதி சொன்னார். நல்லா ஓடுச்சு அன்னிக்குப் பேரம்.

அடுத்த சனிக்கிழமை வந்தார். முகம் சரியில்லை. "மணி, வீசும்போது கோல்ல ஒரு சத்தம் கேக்குது. டிக், டிக்னு."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்துச்சோ. "மாஸ்டர், சத்தம் கோல்ல இல்லை. உங்க தோள்பட்டையில. எழுபது வயசாச்சு, எண்ணெய் விட்டுக்கோங்க"ன்னேன். கடையில நாலு பேர் இருந்தாங்க. சிரிச்சாங்க. அவரும் சிரிச்சார். விலை எதுவும் கேக்காம எழுந்து போயிட்டார்.

நான் என்ன தப்பாச் சொன்னேன்? எட்டு வருஷமா நாங்க அப்படித்தான் பேசிக்குவோம்.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை பத்து மணி ஆச்சு, பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு. வரலை. உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன். அதுக்கு அடுத்த வாரமும் வரலை. மூணாவது வாரம் டீக்கடைக்காரன்தான் சொன்னான், "உங்க மாஸ்டர் நீங்க கடை திறக்கறதுக்கு முன்னாடியே ஏறிடறாரு, சர்ச் மேட்டுல இல்ல உட்கார்ந்திருக்காரு, அந்த பேட்டுக்காரர் கடையில."

போனேன். ஏன் போகக் கூடாது? ரோடு யாரோட அப்பன் வீட்டு ரோடும் இல்லை. எதிர்ல ஒரு பேக்கரி இருக்கு. ரொட்டி வாங்கற மாதிரி அங்கே நின்னு பார்த்தேன். மாஸ்டர் ஒரு முக்காலி மேல உட்கார்ந்து, வர்க்கியை டீயில முக்கித் தின்னுக்கிட்டு இருக்கார். அவன் தலையைக் குனிஞ்சு எதையோ கட்டிக்கிட்டு இருக்கான். ரெண்டு பேரும் பேசவே இல்லை சார்! அரை மணி நேரம் நின்னேன். அரை மணி நேரத்துல ஒரு பேச்சு இல்லை. அவன் ஒரு விலை சொன்னா அதுதான் விலை, யாரும் பேரம் பேச முடியாது, அவனும் பேச மாட்டான். மாஸ்டருக்கு அங்கே என்ன இருக்கு? நூல் சுத்தறதைப் பார்த்துக்கிட்டு, மாடு அசை போடற மாதிரி வர்க்கி தின்னுக்கிட்டு. திடீர்னு அவன் தலையைத் தூக்காம என்னமோ சொன்னான். மாஸ்டர் சிரிச்சார் பாருங்க, டீ சிந்துற அளவுக்கு. என்ன சொல்லியிருப்பான்? இன்னி வரைக்கும் அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்காது. என் கடையில ஒரு நாள் டீ சிந்தியிருக்காரா?

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் சம்சாரம் செல்வநாயகி சொல்றா, "புருஷனை இன்னொருத்தி கூட்டிட்டுப் போயிட்ட மாதிரி அழுதுக்கிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்லையா?"

"நான் எங்கேடி அழுதேன்?"

"அப்ப எதுக்கு நாலு ரொட்டி வாங்கிட்டு வந்தீங்க? நம்ம வீட்டுல யாரு ரொட்டி தின்னுறா?"

டீ வந்துடுச்சு, குடிங்க. சூடு ஆறிட்டா இவன் டீயைக் குடிக்க முடியாது.

மாஸ்டர் பேத்திக்குக் கல்யாணம் வந்துச்சு. பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். முறையா வெத்தலை பாக்கோட, கடை வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு வந்து கொடுத்தார். "கண்டிப்பா வரணும் மணி"ன்னார். உட்காரலை. நான் உட்காருங்கன்னு சொல்லலை, அவரும் உட்காரலை.

போனேன். ஒரு குத்துவிளக்கு எடுத்துக்கிட்டுப் போனேன், கடையிலேயே நல்ல விளக்கு. ஹட்டி பூரா வெள்ளை உடுப்பு. ஆம்பிளைங்க தலைப்பாகை கட்டிக்கிட்டு வட்டமா ஆடறாங்க. எனக்கு ஆட்டத்துல மனசு இல்லை. விளக்கை உள்ளே வெச்சுட்டு வர்றேன்னு சொல்லி உள் ரூமுக்குப் போனேன். சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு, அது மேல கோல் படுத்திருக்கு.

என் கோல் சார். தொடக் கூடாதா நான்?

எடுத்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். என் வளையமெல்லாம் அப்படியே இருக்கு, ஒண்ணைக் கூட அவன் மாத்தலை. ஆனா மூணாவது வளையத்துக்கு அந்தப் பக்கம், ஒரு அங்குலம் தள்ளி, வளையமே இல்லாத இடத்துல ஒரு கட்டு. பத்துப் பதினஞ்சு சுத்து. அதே அரக்குச் சிவப்பு. என் நூலோட நிறத்தைத் தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கான். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தாத்தான் தெரியும், அப்படி ஒரு வேலை.

எனக்கு என்ன தோணியிருக்கும் சொல்லுங்க. வளையம் இல்லாத இடத்துல எதுக்குய்யா கட்டு? நாய் கம்பத்துக்குக் கம்பம் போய் நிக்குமே, அந்த மாதிரி, என் கோல்ல அவன் அடையாளம் வெச்சிருக்கான்னு தோணிச்சு. நான் கையெழுத்துப் போட்ட பத்திரத்துல எனக்குக் கீழே இன்னொருத்தன் கையெழுத்து. வெளியில மேளம் அடிக்குது, எனக்குக் காதுல ரத்தம் அடிக்குது. பேனாக் கத்தியை எடுத்தேன். கட்டோட ஒரு ஓரத்தை மெல்ல நெம்பினேன். சும்மா சொல்லக் கூடாது, லேசுல வரலை. நுனி எங்கே முடிஞ்சிருக்குன்னே கண்டுபிடிக்க முடியலை. அவிழ்க்க ஆரம்பிச்சேன். சுத்து சுத்தா வந்துச்சு.

கடைசிச் சுத்து வந்ததும் அடியில மூங்கில் தெரிஞ்சுது. குறுக்கே ஒரு கோடு. பசை வெச்சு நிரப்பி, தேய்ச்சு, சமமாக்கி வெச்சிருக்கான்.

சார், வெடிப்புன்னா நெட்டுக்கு ஓடும். மூங்கில் தானா வெடிச்சா நாரோட போக்குல ஓடும், பல்லு பல்லா இருக்கும். இது குறுக்கே, நேரா, ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி. பிளேடு வெட்டு. அந்தப் பிளேடு யாரோடதுன்னு எனக்குத் தெரியாதா?

'டிக் டிக்'குன்னு கேட்டது அதுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் வெட்டுன நார் திறந்து மூடியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் வீசியிருந்தா கோல் ரெண்டா போயிருக்கும், மாஸ்டர் கையிலேயே.

அப்படியே நிக்கிறேன், கதவு திறக்குது. மாஸ்டர். தலைப்பாகையோட, கையில ஒரு தட்டு. எனக்குத்தான் சாப்பாடு கொண்டுவந்திருக்கார்.

"மணி, பந்தியில உன்னைக் காணோம்னு... என்னப்பா பண்றே?"

ஒரு கையில கத்தி, ஒரு கையில கோல், காலடியில சிவப்பு நூல் சுருள் சுருளா. என்ன சொல்வேன்? வாய் அதுவா சொல்லிடுச்சு சார், நான் சொல்லலை. "கட்டு தளர்ந்திருந்துச்சு மாஸ்டர். வேலை சுத்தமில்லை. அதான் பிரிச்சுப் பார்த்தேன்."

தட்டைக் கீழே வெச்சுட்டுக் குனிஞ்சு பார்த்தார். "ஓ, இதுதானா அது. அவர் சொன்னார், மூங்கிலுக்கு வயசாயிடுச்சு, தானா விட்ட வெடிப்பு, கட்டுப் போட்டா தாங்கும்னு. எனக்கும் வயசாச்சே, எங்கெங்கே விட்டிருக்கோ"ன்னு சிரிச்சார். அப்புறம் தரையில கிடந்த நூலைப் பார்த்தார். சிரிப்பு நின்னுடுச்சு.

"உனக்குப் பார்க்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே மணி."

அவ்வளவுதான். கோபமா ஒரு சொல் இல்லை. அந்த நூலை எல்லாம் குனிஞ்சு பொறுக்கி, உருட்டி, பாக்கெட்ல போட்டுக்கிட்டார். "முதல்ல சாப்பிடு, ஆறுது"ன்னார். நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன்னு இன்னிக்குக் கேட்டாலும் தெரியாது.

சயின்ஸ் வாத்தியார்தானே, வெட்டுக்கும் வெடிப்புக்கும் வித்தியாசம் தெரியாதான்னு கேக்கறீங்களா? தெரியாது சார். ஒருத்தரை நம்பிட்டா அதுக்கு மேல அவர் பார்க்க மாட்டார். அவன் சொன்னதை அப்படியே நம்பிட்டார். என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பார்? நல்லாக் கட்டின கட்டை, கல்யாண வீட்டுல, பொறாமையில அவிழ்த்துப்போட்டவன்னு நினைச்சிருப்பார். பொறாமையா எனக்கு? அவன்கிட்ட என்ன இருக்கு நான் பொறாமைப்பட? ஒரு முக்காலி இருக்கு. அவ்வளவுதான் இருக்கு.

இதுக்கு மேலதான் அவன் அக்கிரமத்தைக் கேளுங்க. கல்யாணம் முடிஞ்சு நாலாவது நாள் என் கடைக்கு வந்தான். அவனா வந்தான். இங்கே, இப்ப நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துல நின்னான்.

"மணியண்ணா, அந்த அரக்குச் சிவப்பு நூல் உங்ககிட்ட மிச்சம் இருக்குங்களா? மாஸ்டர் கோலுக்கு ஒரு கட்டுப் போடணும். கடையில தீர்ந்துபோச்சாம்."

எவ்வளவு திண்ணக்கம் பாருங்க. எனக்கு ஒரு ஆத்திரம், வாய்க்கு வந்த விலையைச் சொன்னேன். ஒரு உருண்டை நூலுக்கு ஒரு புடவை விலை. பேரம் பேசுவான், நாலு கேள்வி கேக்கலாம்னு பார்த்தேன். பேசாம பாக்கெட்ல கையை விட்டு எடுத்துக் கொடுத்துட்டான் சார்! அதுக்கு மேல நான் என்ன பண்றது?

வாசல்படி இறங்கப் போனவனை நிறுத்திக் கேட்டேன். "ஏய்யா, அது வெடிப்பு இல்லைன்னு உனக்குத் தெரியும்தானே?"

"எதுங்கண்ணா?"

"நடிக்காதே. மூணாவது வளையத்துக்கிட்ட."

என்னைப் பார்த்தான். அவன் யாரையும் நேராப் பார்த்து நான் பார்த்ததில்லை, அன்னிக்குப் பார்த்தான். "கட்டுக்குள்ள போயிடுச்சுங்கண்ணா. இனிமே அதைப் பத்தி என்ன?"ன்னுட்டு இறங்கிப் போயிட்டான்.

இனிமே என்னவாம்! எனக்காக மறைச்சானாம். நான் கேட்டேனா? எவனாவது ஒருத்தன் எனக்கு ஒரு உதவி பண்ணினான்னு இத்தனை வருஷத்துல யாரும் சொல்ல முடியாது. லாரியில இருந்து இறங்கின அன்னியில இருந்து ஒருத்தன்கிட்ட ஒரு வாய்த் தண்ணி சும்மா வாங்கிக் குடிச்சதில்லை. இவன் யாரு எனக்கு இலவசமா நல்லது பண்ண? பண்ணிட்டு, அதையும் சொல்லிக் காட்ட மாட்டேங்கிறான். சொல்லிக் காட்டினாலாவது சண்டை போடலாம்.

என்ன சிரிக்கறீங்க? நானே மாஸ்டர்கிட்ட போய்ச் சொல்லிடலாமேன்னுதானே கேக்க வர்றீங்க? செல்வநாயகியும் தினம் அதைத்தான் கேக்கிறா. உங்களுக்கு வியாபாரம் தெரியாது சார். ரெண்டு பேர் பேரத்துல நிக்கும்போது, முதல்ல வாயைத் திறக்கிறவன்தான் இறங்கணும். நான் இந்தக் கடையை வாயைத் திறக்காமக் கட்டினவன். மாஸ்டருக்கும் அது தெரியும். நானே போய் நின்னா அதுக்குப் பேர் வேற. அதுவும் இல்லாம, மறைச்சது நான் இல்லையே! 'தோள்பட்டை'ன்னு சொன்னேன், அது கேலி. வார்னிஷ் அடிச்சேன், அது வேலை. 'கட்டு தளர்ந்திருந்துச்சு'ன்னது, அது அவசரத்துல வந்தது. வெட்டைப் பார்த்து, புரிஞ்சுக்கிட்டு, நிதானமா யோசிச்சு, வாத்தியார்கிட்டயே வெடிப்புன்னு பொய் சொன்னவன் அவன். யார் சொல்லணும்? நீங்களே நியாயம் சொல்லுங்க.

கல்யாணம் முடிஞ்சு ஏழு சனிக்கிழமை ஆச்சு. இப்பல்லாம் மாஸ்டர் பத்து மணிக்கு, நான் பார்க்கவே இந்த வழியா மேட்டுக்கு ஏறுவார். "என்ன மணி, சௌக்கியமா?"ன்னு கேப்பார். நிக்க மாட்டார். போன வாரம் அந்தக் கிராமபோனைத் தூக்கி வாசல்லயே வெச்சேன். பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். விலை கேக்கலை சார். கேட்டிருந்தா மூவாயிரத்துல இருந்து ஒரேயடியா இறங்கியிருப்பேன்.

உங்களோட சேர்த்து நாலு பேர்கிட்ட இதைச் சொல்லிட்டேன். எல்லாம் கோலைத் தூக்கிட்டு அவனைத் தேடி வந்தவங்கதான். எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்பினேன். டீயைக் குடிச்சுட்டுப் போனாங்க, அவன்கிட்ட வேலையைக் கொடுத்துட்டுப் போனாங்க, சேதியை மட்டும் ஒருத்தரும் சொல்லலை போலிருக்கு. நீங்க அப்படி இல்லை, உங்களைப் பார்த்தாலே தெரியுது.

இந்தாங்க உங்க கோல். எடுத்துக்கிட்டுப் போங்க. நான் செய்ய மாட்டேன்னு இல்லை, எனக்கு மேல அவன் செய்வான்னும் இல்லை. இது விலையுள்ள கோல், பழைய கட்டெல்லாம் மூங்கிலோட ஒட்டிக்கிட்டு இருக்கு. பிரிக்கும்போது நிதானம் வேணும். என் கடையில ஆள் வரும் போகும், பேச்சு சத்தம். அங்கே யாரும் பேச மாட்டாங்க. அதனால சொல்றேன். இந்த ஏத்தம் ஏறினா, சர்ச் சுவர் முடியற இடத்துல நீலக் கதவு.

ஆனா கோலைக் கொடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும். மாசிலாமணி சொல்லி அனுப்பினான்னு சொல்லுங்க. நாளைக்குச் சனிக்கிழமை. மாஸ்டர் வந்து உட்கார்ந்ததும் அவன் சொல்லணும், 'அது வெடிப்பு இல்லை மாஸ்டர், மணியோட பிளேடு'ன்னு. வேற ஒண்ணும் சேர்க்க வேண்டாம். எனக்காகப் பரிஞ்சு பேச வேண்டாம். அந்த அண்டா அம்மாவை வேணும்னா ஒரு வரி சேர்க்கலாம். சொன்னா மாஸ்டருக்குக் கோபம் வரும். வரணும். கோபம் வந்தா அந்த மனுஷன் மேட்டுல உட்கார்ந்திருக்க மாட்டார், இறங்கி வருவார். வந்து இந்த வாசல்ல நின்னு நாலு பேர் பார்க்கத் திட்டட்டும். கோலைக் கெடுத்தியேடான்னு கேக்கட்டும், என்னைத் தோள்பட்டைன்னு சொன்னியேடான்னு கேக்கட்டும். உள்ளே வந்து உட்கார்ந்து திட்டட்டும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் திட்டட்டும். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். சரி, ஒண்ணு ரெண்டு பேசுவேன், பேசாம என்னால முடியாது, அவருக்கும் நான் பேசலைன்னா பிடிக்காது.

அவன் மறைச்சான், அவன்தான் சொல்லணும். இதுல நான் ஒரு பைசா இறங்க மாட்டேன். நாளைக்கு மாஸ்டர் மேலே ஏறினதும் சொல்லிட்டு, எட்டு வருஷமா இங்கே உட்கார்ந்திருந்த மனுஷனை எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்க சார் அவனை.